நோட்டில் நான் எழுதாமல் விட்ட கரண்ட் கட்

இதனால் சோமனூர் மற்றும் சுற்றுவட்டாரப் பொதுமக்களுக்கும், குறிப்பாக என் ஒரே மகனாகிய உனக்கும் பணிவுடன் அறிவிப்பது என்னவென்றால், நம் தறிக்குடோனின் நான்காம் நம்பர் தறி இன்று காலை முதல் பின்னணிப் பாடகியாகப் பதவி ஏற்றுக்கொண்டது. பாட்டு ஒன்றே ஒன்று. நீளம் நாற்பது நிமிடம். வரிகள்: டடக் டடக், டடக் டடக். குடோன் கதவைச் சாத்தி, மற்ற ஐந்து தறிகளுக்கும் ஓய்வு கொடுத்து, உன் ஃபோனை நூல் பெட்டியின் மேல் வைத்து நானே பதிவு செய்தேன். பதினேழாவது நிமிடத்தில் உங்கம்மா கதவைத் திறந்து, "ஏனுங்க, தோசை ஆறுதுங்க" என்று சொல்வது தெளிவாகக் கேட்கும். அதை வெட்ட எனக்குத் தெரியவில்லை. இருக்கட்டும். கிணத்துக்கடவில் ஒவ்வொரு ராத்திரியும் பதினேழாவது நிமிடத்தில் உனக்கு வீட்டு ஞாபகம் வர வேண்டும் என்று விதி இருந்தால் அதை மாற்ற நான் யார்?

திங்கட்கிழமை நீ வேலைக்குச் சேர்கிறாய். கிணத்துக்கடவுப் பள்ளிக்கூடத்தில், சிறப்புக் குழந்தைகள் வகுப்பில் உதவியாளர். இருபத்து மூன்று வயதில் முதல் தடவையாக வேறு ஊரில் தங்கப் போகிறாய். போன வாரம் உன் அறையைப் பார்க்க நாம் போனபோது நான் கவனித்தது ஒன்றைத்தான்: சுற்றிலும் தென்னந்தோப்பு. அழகான ஊர், நல்ல காற்று, ஆனால் என்ன ஒரு அமைதி! உங்கம்மா "எத்தன நிம்மதியா இருக்குது பாருங்க" என்றாள். நான் உன் முகத்தைப் பார்த்தேன். நீ ஜன்னலைத் திறந்தாய், மூடினாய், மறுபடி திறந்தாய். நான்காம் நம்பர் தறி பாடகியானது அதனால்தான்.

ஆனால் இந்தக் கடிதம் பாட்டைப் பற்றியது அல்ல. நோட்டைப் பற்றியது. பத்து நாளைக்கு முன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டாய்.

"அப்பா, அந்த மூணு கட்ட நோட்டு எங்கீங்க?"

"எதுக்கு சாமி, பழைய பேப்பர்காரருக்கா?"

"இல்லீங்க. அங்க வர்ற அப்பா அம்மாவுக்கெல்லாம் காட்டோணும். உண்மையா எழுதினா வழி கெடைக்கும்னு சொல்லோணும்."

நான் சட்னிக் கிண்ணத்தை இழுத்துக்கொண்டேன். நீ விடாமல், "எலி கடிச்ச பக்கம் பத்திரமா இருக்குதுங்களா?" என்று வேறு கேட்டாய். "எல்லாம் இருக்குது, தேடித் தாரேன்" என்றேன். அன்றிலிருந்து தேடுகிறேன். பரண்மேல் ஏறினேன், குடோனில் சாக்கைப் புரட்டினேன், கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்தேன். நடிப்புக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. நோட்டு பீரோவில் என் கல்யாண வேட்டிக்கு அடியில் இருக்கிறது. எத்தனையோ வருஷமாய் அங்கேதான் இருக்கிறது. நாளைக் காலை உன் பையில் வைத்துவிடுவேன், இந்தக் கடிதத்தையும் அதற்குள் வைத்து. உறையை ஒட்டவில்லை. உங்கம்மாவும் படிக்கட்டும். அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வரும் பெற்றோர்களும் படிக்கட்டும். நோட்டை மட்டும் தனியாக யாருக்கும் காட்டிவிடாதே. ஏன் என்று சொல்கிறேன், ஆனால் சுற்றி வளைத்துத்தான் சொல்வேன். நேராக வந்து நிற்க எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

உன் வயதில் அல்ல, பதினைந்து வயதில் நான் எப்படி இருந்தேன் என்பது ஊருக்கே தெரியும். ஒன்பதாம் வகுப்பில் வீட்டிலிருந்து ஒரு கண்டு வெள்ளை நூலை எடுத்துப் போய், பள்ளிக்கூட மணியின் நாக்கில் கட்டி, ஓடு வழியாக இழுத்து, என் பெஞ்சு வரைக்கும் கொண்டுவந்தேன். நூறாம் நம்பர் நூல், கண்ணுக்கே தெரியாது. சாயங்காலம் இருபது நிமிடம் முன்னாலேயே மணி அடித்தது. பள்ளிக்கூடமே வீட்டுக்குப் போனது. மறுநாள் கணக்கு வாத்தியார் என்னை நிற்க வைத்து, "தறிகெட்ட பயலே!" என்றார். "இல்லீங்க சார், ஊட்டுல ஆறு தறியும் நல்லாத்தானுங்க ஓடுது" என்றேன். நூலுக்கு ரெண்டு அடி, வாய்க்கு நாலு அடி. அந்த நாலு அடிதான் எனக்குப் பெருமை. ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், நான் செய்தது எல்லாமே யார் பார்க்கிறார்கள், யார் சிரிப்பார்கள் என்று பார்த்துச் செய்தது. நிறுத்து என்றால் நிறுத்த முடியும். நிறுத்தாமல் இருந்ததுதான் சுகம். ஆகவே நீ ஆறாம் வகுப்பில் முதல் தடவை மேசையைக் கவிழ்த்தாய் என்று சொல்லியனுப்பியபோது, உன் அப்பன் நான் உள்ளுக்குள் சிரித்தேன். நம்ம ரத்தமல்லவா என்று நினைத்தேன். அது குறும்பு அல்ல, நீ யாரையும் பார்த்துச் செய்யவில்லை, உன்னால் நிறுத்த முடியவில்லை என்பது எனக்குப் புரிய ஒரு அரையாண்டு ஆனது. இத்தனைக்கும் உனக்கு ஆட்டிசம் என்று டாக்டர் நாலு வயதிலேயே சொல்லியிருந்தார். காதில் விழுந்தது வேறு, மண்டையில் ஏறியது வேறு.

உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது. நீ மணிக்கட்டைக் கடித்துக்கொள்வாய். தழும்பு இன்னும் இருக்கிறது, இப்போது வாட்சுக்கு அடியில் மறைத்துக்கொள்கிறாய். அப்புறம் ஒரு அலறல். அப்புறம் கைக்கு எது கிடைக்கிறதோ அது பறக்கும். உன் வகுப்பு டீச்சர் தங்கமான மனுஷி. எனக்கு எழுதியனுப்பும் சீட்டில், "இன்று சிறிது சேட்டை செய்தான்" என்று இருக்கும். விசாரித்தால், ஒரு பெண் குழந்தையின் சடையைப் பிடித்து இழுத்து, இரண்டு டெஸ்க்கைத் தள்ளி, கேட்டுக்கு வெளியே ஓடியிருப்பாய். நான் பதிலுக்கு, "தங்கள் பொறுமைக்கு மிக்க நன்றி, வீட்டில் நல்லபடியாக இருக்கிறான்" என்று எழுதுவேன். இங்கே அப்படித்தானே நாம் வளர்ந்தோம். முகம் சுளிக்கிற மாதிரி எதையும் எழுதிவிடக் கூடாது, பேசிவிடக் கூடாது. ஹெச்.எம். சார் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, காப்பி கொடுத்து, "ஒன்னும் தப்பா எடுத்துக்காதீங்க, பையனுக்கு ஏத்த பள்ளிக்கூடம் வேற எங்காச்சும் பாத்தீங்கன்னா நல்லதுங்க" என்றார். நான் காப்பியைக் குடித்து முடித்து, "நீங்க சொன்னா சரியாத்தானுங்க சார் இருக்கும். ஆனா ரெண்டு போடு போட்டுப் பாருங்க சார், நாங்க ஒன்னும் கேக்க மாட்டோம்" என்றேன். அவர் கையைப் பிசைந்தார். வெளியே வராந்தாவில் நீ நின்றிருந்தாய். அவர் பார்க்க வேண்டும் என்பதற்காகவே, கண்டிப்பான அப்பன் என்று காட்டுவதற்காகவே, உன் கன்னத்தில் ஒரு அறை விட்டேன். நீ அழவில்லை. என் கையைப் பார்த்தாய். ஏன் அடித்தேன் என்று கண்டுபிடிக்க முயன்ற மாதிரி பார்த்தாய். நானும் ரொம்ப நாள் தேடினேன் சாமி. எனக்கும் காரணம் கிடைக்கவில்லை.

அதற்கு அடுத்த வாரம்தான் எஸ்தர் டீச்சர் வந்தார். வாரத்தில் இரண்டு நாள் நம் பள்ளிக்கூடத்துக்கு வரும் சிறப்பாசிரியை. பவானிக்காரர். வரும்போதே தோளில் சுருட்டிய ஒரு சின்ன ஜமுக்காளம், சிவப்பும் பச்சையும் பட்டை போட்டது. வகுப்பின் பின்மூலையில் அதை விரித்து, "இது உன்ற எடம் கண்ணு. முடியலீன்னா இங்க வந்து உக்காந்துக்கலாம். யாரும் கேக்க மாட்டாங்க, தண்டனையும் இல்ல" என்றார். நீ அந்தப் பட்டைகளை எண்ணிவிட்டு உட்கார்ந்தாய். அதே நாளில்தான் அந்த நோட்டும் வந்தது. ஸ்கேல் வைத்து ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று கட்டம் போட்டிருந்தார். முன்னால், அப்போது, பின்னால். நீ கத்துவதற்கு முன்னால் என்ன நடந்தது, அப்போது நீ என்ன செய்தாய், பின்னால் மற்றவர்கள் என்ன செய்தார்கள். பள்ளிக்கூடத்தில் நடந்ததை வகுப்பு டீச்சர் எழுத வேண்டும், வீட்டில் நடந்ததை நான் எழுத வேண்டும். நோட்டு தினமும் உன் பையில் போய் வர வேண்டும். "பையன் வாயால சொல்ல முடியாதத உடம்பால சொல்றானுங்க அண்ணா. என்ன சொல்றான்னு தெரியறதுக்குத்தான் இந்த நோட்டு. நல்லது கெட்டது பாக்காம அப்படியே எழுதிப்போடுங்க" என்றார். நான் தலையாட்டினேன். தலையாட்டுவதில் நமக்கு யாரும் நிகரில்லை.

சாமி, அந்த நோட்டின் முதல் முப்பது பக்கத்தில் என் கையெழுத்தில் இருப்பது அத்தனையும் பொய். "வீட்டில் நன்றாக இருந்தான்." "எந்தத் தொந்தரவும் இல்லை." "சாப்பிட்டு நன்றாகத் தூங்கினான்." அந்த வருஷத்தை நினைத்துப் பார். கரண்ட் போய்ப் போய் வந்த காலம். பகலில் இத்தனை மணி நேரம், ராத்திரியில் இத்தனை என்று கணக்கே இல்லாமல் போகும். ஒவ்வொரு தடவை போகும்போதும் ஆறு தறியும் ஒரே நொடியில் நிற்கும். அந்த நொடியில் நீ சுவரில் தலையை முட்டுவாய். உங்கம்மா சுவருக்கும் உன் தலைக்கும் நடுவில் தன் உள்ளங்கையை வைப்பாள். அவள் புறங்கை வீங்கியிருக்கும். கரண்ட் வந்து தறி ஓடத் தொடங்கினால் சரியாகிவிடுவாய். "அப்பா, நாப்பத்தி ரெண்டு நிமிஷமுங்க" என்று சொல்லிவிட்டுப் போய் விளையாடுவாய். இதை நான் எழுதவில்லை. வீட்டிலும் இப்படித்தான் என்று தெரிந்தால், பெத்தவங்களாலேயே முடியாததை நாங்கள் எப்படிப் பார்ப்பது என்று பள்ளிக்கூடத்தில் கேட்டுவிடுவார்களே என்று பயம். அதற்கு மேல், ஒரு டீச்சரம்மா கையில் போகிற நோட்டில் நம் வீட்டுச் சங்கதியை எழுதுவதாவது என்கிற கௌரவம். வகுப்பு டீச்சர் தன் பக்கத்துக்கு, "இன்று பரவாயில்லை" என்று எழுதினார். இரண்டு வாரம் கழித்து எஸ்தர் டீச்சர் எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்து நோட்டைப் புரட்டினார்.

"டீச்சர், அண்ணா, ரெண்டு பேரும் மன்னிச்சுக்கோங்க. இத்தன மரியாதையா எழுதியிருக்கறதுல பையன் எங்கியோ காணாமப் போயிட்டானுங்க."

எங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டு, மறுநாளிலிருந்து வகுப்பு டீச்சர் உண்மையை எழுத ஆரம்பித்தார். நான் ஆரம்பிக்கவில்லை.

பாதி நோட்டை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்ய முடியும்? மணி அடிக்கும் நேரத்தை ஒட்டி நீ அதிகமாகக் கத்துகிறாய் என்று தெரிந்தது. இப்படிப்பட்ட குழந்தைகளில் நிறையப் பேருக்குச் சத்தம்தான் எதிரி. ஆகவே சத்தத்தைக் குறைக்கலாம் என்று முடிவு செய்தார். தப்பான முடிவு என்று சொல்ல மாட்டேன். நான் கொடுத்த தகவலுக்கு அதுதான் சரியான முடிவு. காதை மூட ஒரு கருவி வந்தது, இரண்டு பக்கமும் பூரி மாதிரி உப்பலாக. நீ அதை வாங்கிப் பார்த்து, மாட்டி, மூன்று நொடியில் கழற்றி ஜன்னலுக்கு வெளியே எறிந்தாய். பரீட்சைகளை நூலக அறையில் தனியாக உட்கார்ந்து எழுத வைத்தார்கள். பள்ளிக்கூடத்திலேயே அமைதியான அறை அது. அங்கேதான் நீ ஸ்டூலைத் தூக்கி எறிந்தாய், நூலகம் பார்த்துக்கொள்ளும் அக்காவின் கால் விரல் நசுங்கியது. நானும் யோசித்திருக்கலாம். மதிய இடைவேளையில் ஐந்நூறு பிள்ளைகள் கத்துகிற கத்தலில் கூரை பறக்கும். அதற்கு நடுவில் நீ ஒருத்தன் நிம்மதியாகத் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருப்பாய். எல்லோரும் அதைப் பார்த்தோம். சாப்பாடு பிடித்திருக்கிறது போல என்று நினைத்தோம். அக்காவின் கால் விரலுக்கு அப்புறம் ஹெச்.எம். சார் காப்பி கொடுக்கவில்லை. "அரையாண்டுப் பரீட்சை வரைக்குமுங்க. அதுக்கு மேல என்னால முடியாதுங்க" என்றார். பதினெட்டு நாள் இருந்தது. அதற்குள் ஒரு வழி கிடைக்காவிட்டால் உனக்குப் பள்ளிக்கூடமே இல்லை.

இனி வருவது உனக்குத் தெரிந்த கதை. நான் கல்யாண மண்டபங்களில் சொல்லும் கதை. கருமத்தம்பட்டியில் உன் சித்தப்பா மகள் கல்யாணத்தில், பந்தியில் உட்கார்ந்துகொண்டு, நீ ரசம் ஊற்ற வந்து நிற்கும்போதே, "என்ற பையனுக்கு வழி கண்டுபுடிச்சது டாக்டருமில்ல வாத்தியாருமில்ல, நானுங்க. ஒரு நாள் காலைல பளிச்சுனு தோணுச்சு" என்று முழங்கினேனே, அதே கதை. அந்தப் பதினெட்டு நாளில் நாலாவது நாள், நோட்டில் நீல மையில் எழுதினேன். முன்னால் கட்டத்தில்: தறி நின்றது. அப்போது கட்டத்தில்: கத்தினான். பின்னால் கட்டம் எலி கடித்துப்போனது. அதை வாசித்ததும் எஸ்தர் டீச்சர் சாயங்காலமே நம் வீட்டுக்கு வந்துவிட்டார். "அடுத்த தடவ கரண்ட் போறப்ப நான் இங்க இருக்கோணுமுங்க" என்றார். "அதுக்கென்னங்க, காப்பி ஆறதுக்குள்ள போயிருமுங்க" என்றேன். போனது. அவர் காப்பி டம்ளரைக் கீழே வைக்காமலே எல்லாவற்றையும் பார்த்தார். கரண்ட் வந்த பிறகு மெதுவாகச் சொன்னார். "பையன் பொறந்ததிலிருந்து இந்தச் சத்தத்துக்குள்ளதான் தூங்கியிருக்கான். சத்தம் இருந்தா எல்லாம் சரியா இருக்குதுன்னு அர்த்தம். நின்னா உங்க மொகம் மாறுது, அம்மா பேச்சு நிக்குது, நீங்க யாரையாச்சும் திட்டறீங்க. நாங்க அங்க அவனக் கொண்டுபோயி அமைதிக்குள்ள அடச்சு வெச்சிருக்கோமுங்க." மணி அடித்ததும் நீ கத்தியது மணிக்காக அல்ல. மணிக்குப் பிறகு டீச்சர் உள்ளே வந்து, வகுப்பு சட்டென்று அடங்குமே, அதற்காக.

அதற்கப்புறம் அந்த வகுப்பில் என்னென்ன மாறியது என்பதை நீ திங்கட்கிழமையிலிருந்து பலருக்குச் சொல்ல வேண்டியிருக்கும், ஆகவே நான் பார்த்ததை எழுதிவைக்கிறேன். அமைதி திடீரென்று வரக் கூடாது என்று முடிவானது. டீச்சர் உள்ளே வரும்போது முழு வகுப்பும் ஐந்திலிருந்து ஒன்று வரை கீழிறங்கி எண்ணும், ஒவ்வொரு எண்ணும் கொஞ்சம் மெதுவாக. கடைசியில் "நிறுத்து" என்று சொல்லும் வேலை உனக்கு. சத்தம் தானாக நிற்கவில்லை, நீ நிறுத்துகிறாய். வீட்டிலும் அதே மாதிரி. வேலை முடிந்து தறிகளை ஒவ்வொன்றாய் அணைக்கும்போது நம்பர் சொல்வது நீ. பரீட்சை அறைக்கு மட்டும் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றபோது, இங்கே உன் அப்பனின் பழைய புத்தி ஒரு தடவையாவது உதவியது. சைக்கிள் சக்கரத்தில் அட்டையைச் செருகி மோட்டார் பைக் மாதிரி சத்தம் வர வைப்போமே, அதே வேலையை ஒரு மேஜை ஃபேனுக்குச் செய்தேன். கூண்டில் ஒரு சீட்டுக்கட்டு அட்டை, இறக்கை உரசினால் டடக் டடக். ஹெச்.எம். சார் வந்து பார்த்தார்.

"இதென்னங்க, ஃபேன் ரிப்பேருங்களா?"

"இல்லீங்க சார். இதுதானுங்க வைத்தியம்."

அவர் ஐந்து நிமிடம் நின்றார். நீ தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தாய். அரையாண்டுக்கு அப்புறம் அவர் பள்ளிக்கூடம் மாற்றுவதைப் பற்றிப் பேசவே இல்லை. மாயமந்திரம் என்று நினைத்துவிட வேண்டாம். அதற்குப் பிறகும் இரண்டு டெஸ்க் உடைந்தன. ஒன்பதாம் வகுப்பில் ஒரு முழு மாதம் நீ பள்ளிக்கூடமே போகவில்லை. ஜமுக்காளம் கிழிந்து எஸ்தர் டீச்சர் இன்னொன்று கொண்டுவந்தார். ஆனால் நீ என்ன சொல்கிறாய் என்று கேட்கத் தெரிந்துவிட்டது. எங்களுக்கு அதுவே போதுமாக இருந்தது.

ஆகவே கண்ணு, உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு உண்டோ இல்லையோ, சொல்லாமல் விட மாட்டேன். அங்கே ஒரு பிள்ளை கடித்தால், அடித்தால், உன்மேல் துப்பினால், முதலில் அந்த முன்னால் கட்டத்தைத் தேடு. ஆனால் உன் கட்டத்தை அந்தப் பிள்ளைக்கு மாட்டிவிடாதே. எல்லோரும் சோமனூரில் பிறந்தவர்கள் அல்ல. ஒருத்தனுக்கு உண்மையிலேயே சத்தம் ஆகாது, இன்னொருத்திக்குப் பசி, வேறொருத்தனுக்குக் கணக்கு வரவில்லை என்கிற வெட்கம். உன் நல்ல நாளில் அந்தப் பிள்ளை உன்னை அடிக்கும். உன் கெட்ட நாளிலும் அடிக்கும். கெட்ட நாளில் நீ வெளியே போய் ஒரு நிமிடம் நில், உனக்கும் ஒரு ஜமுக்காளம் வைத்துக்கொள், தப்பில்லை. யாராவது அப்பன் வந்து, தான் கண்டிப்பானவன் என்று உனக்குக் காட்டுவதற்காகப் பிள்ளையை அடிக்கக் கை ஓங்கினால், நடுவில் போய் நில். அன்று வராந்தாவில் நம் இரண்டு பேருக்கும் நடுவில் யாரும் வந்து நிற்கவில்லை.

பெற்றோர்கள் நோட்டில், "வீட்டில் நன்றாக இருந்தான்" என்று எழுதிக்கொண்டு வருவார்கள். கோபப்படாதே. நீ பொய் சொல்லத் தெரியாதவன், ஆகவே உனக்குக் கோபம் வரும். ஒரு தடவை நான் விளையாட்டுக்கு, "குடோன் கூரைமேல வெள்ளக் காக்கா உக்காந்திருக்குது" என்று சொன்னதற்கு, ஒரு மணி நேரம் வெயிலில் அண்ணாந்து நின்றவன் நீ. கடைசியில் வந்து, "இல்லீங்கப்பா, போயிருச்சாட்டிருக்குது" என்றாய். நான் பொய் சொல்லியிருப்பேன் என்று உனக்குத் தோன்றவே இல்லை. அன்றோடு உன்னிடம் விளையாடுவதை விட்டேன். அந்தப் பெற்றோர்கள் உன்னை ஏமாற்ற எழுதுவதில்லை சாமி. பிள்ளையைத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று நடுங்கிக்கொண்டு எழுதுகிறார்கள். இந்த நோட்டைக் காட்டு. என் முப்பது பக்கத்தைக் காட்டு. இவரும் இப்படித்தான் எழுதினார், அதனால் பையன் சும்மா இரண்டு மாதம் கஷ்டப்பட்டான் என்று சொல். என் பெயர் கெடுவதைப் பற்றிக் கவலைப்படாதே. ஒன்பதாம் வகுப்பிலேயே கெட்டுவிட்டது.

இப்போது நாலாவது நாளுக்கு வருகிறேன். சுற்றி வளைக்க இனி வழி இல்லை.

முந்தின நாள் சாயங்காலம் கரண்ட் போனது. நீ கத்தினாய், சுவரில் முட்டினாய், உங்கம்மா கையை வைத்தாள். கரண்ட் வந்தது. நான் நோட்டை எடுத்து, வழக்கம்போல, "வீட்டில் நன்றாக இருந்தான்" என்று எழுதினேன். நீ என் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. காலையில் உன் பையில் வைப்பதற்காக நோட்டைத் திறந்தேன். என் வரிக்குக் கீழே பென்சிலில், பெரிய பெரிய எழுத்தில், கட்டத்துக்கு ஒன்றாக மூன்று வரி இருந்தது. முன்னால்: தறி நின்னுது. அப்போது: நான் கத்தினேன். பின்னால்: அப்பா பொய் எழுதினாங்க.

பொய் என்று எழுதும்போதுகூட மரியாதை விடவில்லை நீ.

நான் என்ன செய்தேன் என்று கேள். ரப்பரைத் தேடினேன். மேல் வரியை அடித்துவிட்டு, முதல் இரண்டு கட்டத்தையும் அழித்துக்கொண்டே வரும்போதுதான், நீ எழுதியது என்ன என்பது மண்டையில் ஏறியது. கை நின்றுவிட்டது. பேனாவை எடுத்து அதே இடத்தில் அதையே என் கையெழுத்தில் எழுதினேன். மூன்றாவது கட்டத்தைத்தான் விட முடியவில்லை. தேய்த்தேன், எழுத்து போகவில்லை, நீ அவ்வளவு அழுத்தி எழுதியிருந்தாய். இன்னும் தேய்த்தேன். தாள் கிழிந்துவிட்டது. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்த எஸ்தர் டீச்சர் நோட்டை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் அந்தப் பக்கத்தைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தார். "யாரு கண்டுபுடிச்சதுங்க அண்ணா?" என்று கேட்டார். "நான்தானுங்க" என்றேன். "அப்படீங்களா, ரொம்ப சந்தோஷமுங்க" என்றார். மறுநாள் உனக்கு ஒரு டஜன் பென்சில் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தார். எதற்கு என்று உங்கம்மா கேட்டதற்குச் சிரித்தார். எனக்கு மட்டும் புரிந்தது.

நீயும் அந்தப் பக்கத்தைச் சாய்த்துப் பிடித்துப் பார். என் நீல மைக்கு அடியில் உன் பென்சில் போன தடம் இன்னும் பள்ளமாக இருக்கிறது. உன்னை அந்தப் பள்ளிக்கூடத்தில் நிறுத்தி வைத்தது நான் அல்ல. பதினொரு வயதில் நீயேதான். கல்யாணப் பந்தியில் ரசம் ஊற்றிக்கொண்டே என் கதையைக் கேட்டு, அப்படியே அடுத்த இலைக்குப் போனாயே, அன்று உனக்கு ஞாபகம் இருந்ததா, மறந்துபோயிருந்ததா? பதில் எழுத வேண்டாம். இரண்டில் எதுவாக இருந்தாலும் எனக்கு வெட்கம்தான். அடுத்த கல்யாணத்தில் திருத்திச் சொல்லிவிடுகிறேன், இலையில் பாயசம் விழுந்த பிறகு.

கிணத்துக்கடவில் யாராவது அந்த ஓட்டையைக் காட்டிக் கேட்பார்கள். உண்மையைச் சொல்.

இப்படிக்கு,
அந்த எலி